இயேசு உயிர்த்தெழவில்லை என்றால் விசுவாசத்தில் என்ன மிஞ்சும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சிலவற்றைக் கேட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சிலவற்றை அடக்க ஆராதனை முடிந்து திரும்பும் வழியில், குரல் உடைந்து கேட்டார்கள். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு நின்று பேச வேண்டியிருக்கிறது. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

உயிர்த்தெழுதல் என்றால் என்ன? லாசரு உயிரோடு வந்ததும் அதுதானே?

இரண்டும் ஒன்றில்லை. லாசரு நான்கு நாள் கல்லறையில் கிடந்தபின் இயேசு கூப்பிட்டதும் வெளியே வந்தார். ஆனால் அவர் திரும்பி வந்தது, விட்டுப்போன அதே வாழ்க்கைக்கு. மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் முதுமை, கடைசியில் மறுபடியும் ஒரு சாவு. யவீருவின் மகளுக்கும் நாயீன் ஊர் விதவையின் மகனுக்கும் நடந்தது இதேதான்.

இயேசுவைப் பற்றி அப்போஸ்தலர் சொன்னது வேறு. “மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை” என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். லாசரு சாவின் வாசலிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார். இயேசு அதைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். யோவான் இதைத் துணியை வைத்தே காட்டிவிடுகிறார். லாசரு வெளியே வந்தபோது கையும் காலும் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன. மற்றவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் வெறுமனே கிடந்தன. தலையில் சுற்றியிருந்த சீலை மட்டும் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்துவிட யாரும் தேவைப்படவில்லை.

கத்தோலிக்கர் இதை “உயிர்ப்பு” என்பார்கள். சொல் வேறு, பொருள் ஒன்றே.

அன்பு, மன்னிப்பு, ஏழைகள்மேல் இரக்கம் என்று இயேசு போதித்ததே போதாதா?

மலைப்பிரசங்கத்தை நேசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தப் போதனை நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இயேசு மரித்தது படுக்கையில் இல்லை. யூதத் தலைவர்கள் அவரைத் தேவதூஷணம் சொன்னவர் என்றார்கள். ரோம அரசு “யூதருடைய ராஜா” என்று பலகையில் எழுதி, கலகக்காரனுக்குரிய சாவைக் கொடுத்தது. மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் வார்த்தை. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேதம் அறிந்த ஒரு யூதன் வந்து சேரக்கூடிய முடிவு ஒன்றுதான்: இந்த மனிதரைத் தேவனே கைவிட்டுவிட்டார்.

எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களும் அந்த முடிவில்தான் இருந்தார்கள். “அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்” என்கிறார்கள். நம்புகிறோம் என்று சொல்லவில்லை, நம்பியிருந்தோம். போதனை அவர்களுக்கு மறந்துபோகவில்லை, மூன்று நாளில் யாருக்கு மறக்கும்? போதகர்மேல் வைத்த நம்பிக்கைதான் செத்துப்போயிருந்தது.

அந்தக் காலத்தில் மேசியா என்று நம்பப்பட்டவர் இயேசு ஒருவர் மட்டுமில்லை. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பார் கோக்பாவைப் பெரிய ரபீமார்கூட மேசியா என்று நம்பினார்கள். 135இல் பெத்தார் கோட்டை விழுந்து அவர் கொல்லப்பட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தலைவன் கொல்லப்பட்டால் இயக்கம் கலையும், அல்லது வேறு தலைவனைத் தேடும். சீஷர்களோ கலையவில்லை, வேறு ஆளையும் தேடவில்லை. கொல்லப்பட்டவரே கர்த்தர் என்று, அவர் கொல்லப்பட்ட அதே எருசலேமில் நின்று சொன்னார்கள். மலைப்பிரசங்கம் பிழைத்தது அதனால்தான்.

பவுல் இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்?

“கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.” 1 கொரிந்தியர் 15:14. கி.பி. 50களின் நடுவில் எபேசுவிலிருந்து எழுதிய கடிதம் இது.

அவர் யாருக்கு எழுதுகிறார் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கொரிந்து சபையார் இயேசு எழுந்ததை மறுத்ததாகக் கடிதத்தில் இல்லை. “மரித்தோரின் உயிர்த்தெழுதலில்லை” என்று அவர்களில் சிலர் பொதுவாகச் சொன்னார்கள். கிரேக்கச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. படித்த பலருக்கு உடல் ஒரு சிறை. ஆத்துமா அதிலிருந்து தப்பினால் நல்லது, திரும்பி வருவது எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. பவுல் அத்தேனே நகரத்து அரியோபாகுவில் பேசியபோதும் உயிர்த்தெழுதல் என்ற இடம் வந்ததும் சிலர் இகழ்ந்தார்கள். அதே அரியோபாகுவைக் களமாகக் கொண்டு கி.மு. 458இல் அரங்கேறிய கிரேக்க நாடகம் ஒன்று உண்டு. செத்தவனுடைய இரத்தத்தை மண் குடித்துவிட்டால் பிறகு அவனுக்கு எழுதல் இல்லை என்று அதில் அப்பொல்லோ தெய்வமே சொல்கிறது. அந்த வசனத்தில் வரும் கிரேக்கச் சொல் ‘அனஸ்தாசிஸ்’. அப்போஸ்தலர் நடபடிகளில் உயிர்த்தெழுதலுக்கு வரும் சொல்லும் அதுவே.

ஆகவே கொரிந்தியர் ஒரு சமரசத்துக்கு வரப் பார்த்தார்கள்: இயேசு விசேஷமானவர், அவர் எழுந்தார், நமக்கு அது வேண்டாம். பவுல் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறார். மரித்தோர் எழுவதே இல்லை என்றால் மரித்த இயேசுவும் எழவில்லை. அவர் எழவில்லை என்றால் நாங்கள் தேவனைப்பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறோம். நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருக்கிறீர்கள். கிறிஸ்துவுக்குள் மரித்துப்போனவர்கள் கெட்டுப்போனார்கள். நம்மைப்போலப் பரிதாபமான மனிதர் வேறு இல்லை.

இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். தன் விசுவாசம் எந்த இடத்தில் உடையும் என்று தானே விரல் வைத்துக் காட்டுகிறவர் நம்மை ஏமாற்ற நினைக்கிறவர் இல்லை.

சிலுவையில் “முடிந்தது” என்றாரே. அதற்குமேல் உயிர்த்தெழுதல் எதற்கு?

நம் பிரசங்கங்களில் பெரும் பகுதி பெரிய வெள்ளியோடு நின்றுவிடுவதால் வரும் கேள்வி இது. உயிர்த்தெழுதலைச் சிலுவைக்குப் பின்னால் ஒட்டிய ஒரு மகிழ்ச்சியான முடிவுபோலச் சொல்லி விட்டுவிடுகிறோம்.

நான் இதைத் தீர்ப்பு என்ற சொல்லை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். சிலுவை ஒரு தீர்ப்பின் நிறைவேற்றம். யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் குற்றவாளி என்றது, பிலாத்து ஒப்பமிட்டான், கூட்டம் ஆமோதித்தது. மனித நீதிமன்றங்கள் அத்தனையும் ஒரே முடிவைச் சொல்லிவிட்டன. மேல்முறையீடு செய்ய ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது, தேவன் அந்த வழக்கைத் தாமே எடுத்துத் தீர்ப்பை மாற்றியது. பேதுருவின் ஆரம்பப் பிரசங்கங்களை எடுத்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப இதே வடிவம்தான்: “ஜீவாதிபதியைக் கொலைசெய்தீர்கள், அவரை தேவன் மரித்தோரிலிருந்தெழுப்பினார்.” நீங்கள் சொன்னது ஒன்று, தேவன் சொன்னது வேறு.

அந்தத் தீர்ப்பு மாறினால்தான் சிலுவைக்கே பொருள் கிடைக்கிறது. சிலுவையை மட்டும் பார்த்தால் அது ரோமின் வெற்றி. அங்கே தொங்கினவர் தம் குற்றத்துக்காகத் தொங்கவில்லை, நம் குற்றத்துக்காகத் தொங்கினார் என்று நாம் எப்படி அறிவோம்? தேவன் அவரைக் குற்றமற்றவர் என்று எழுப்பியதால் அறிவோம். பவுல் ரோமர் 4:25இல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: “அவர் நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டும், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டும் இருக்கிறார்.” கடன் அடைக்கப்பட்டது வெள்ளிக்கிழமை என்றால், அடைந்துவிட்டது என்ற ரசீது நம் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. ரசீது என்ற உவமை கொஞ்சம் சிறியதுதான், ஆனாலும் பிள்ளைகளுக்கு இதுவே சட்டென்று பிடிபடுகிறது.

என் பழைய தவறுகளுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் என்ன சம்பந்தம்?

யோவான் 18ஐயும் 21ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். பேதுரு அதன் பக்கத்தில் நின்று குளிர்காய்கிறார். இயேசுவின் சீஷன் நான் அல்ல என்று அந்த இரவில் மூன்று முறை மறுக்கிறார். பிறகு திபேரியாக் கடற்கரை. இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடிகிற நேரத்தில் வலை நிறைகிறது, 153 மீன்கள். பேதுரு தண்ணீரில் குதித்துக் கரைக்கு வருகிறார். அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது.

அந்தப் புகையின் வாசனை பேதுருவுக்கு என்ன செய்திருக்கும்! அவர் ஓடி ஒளிய நினைத்த இரவின் வாசனை அது. உயிர்த்தெழுந்தவர் அதே நெருப்பின் முன் அவரை உட்காரவைத்து முதலில் சாப்பிடக் கொடுக்கிறார். பிறகு மூன்று முறை “என்னை நேசிக்கிறாயா?” என்று கேட்கிறார். மூன்று மறுப்புக்கும் மூன்று முறை. கடைசியில் “என் ஆடுகளை மேய்ப்பாயாக” என்று வேலையைத் திரும்பக் கையில் கொடுக்கிறார்.

இறந்துபோன ஒருவரிடம் நாம் மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் வராது. அந்த வேதனை தெரிந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பேதுரு காட்டிக்கொடுக்காவிட்டாலும் கைவிட்டவர்; கைவிடப்பட்டவர் உயிரோடு வந்ததால்தான் அவருக்குப் பதில் கிடைத்தது.

எழுந்தது இயேசுவின் ஆவிதான், சீஷர்களின் மனதில்தான் எழுந்தார் என்று சொல்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அற்புதத்தை நம்பத் தயங்கும் காலத்தில் விசுவாசத்தைக் காப்பாற்ற நினைக்கிறார்கள். ஆனால் சுவிசேஷங்கள் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. லூக்கா 24இல் சீஷர்களே முதலில் அப்படித்தான் நினைத்தார்கள், ஒரு ஆவியைக் காண்கிறோம் என்று பயந்தார்கள். இயேசு கைகால்களைக் காட்டி “என்னைத் தொட்டுப்பாருங்கள்” என்கிறார். அப்போதும் நம்பாமல் இருந்ததால் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் கொடுத்த பொரித்த மீனை அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார்.

அதே சமயம் அந்த உடல் நம்முடையதைப்போல மட்டும் இல்லை. பூட்டிய அறையில் வந்து நிற்கிறது. எம்மாவு வழியில் கூட நடந்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்தார். “மரியாளே” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினார். அதே ஆள், புதிய நிலை. பவுல் விதையையும் பயிரையும் காட்டுவது இதற்காகத்தான். விதைக்கும் கதிருக்கும் உருவம் ஒத்துப்போகாது, ஆனால் இது அதிலிருந்துதான் வந்தது.

யார் பார்த்தார்கள்? எப்போது எழுதி வைத்தார்கள்?

1 கொரிந்தியர் 15:3 முதல் பவுல் ஒரு பட்டியல் தருகிறார்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் 500க்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலரும், கடைசியாகத் தானும். அந்த 500 பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்பதுதான் அதன் தொனி.

பட்டியலைத் தொடங்கும்போது “நான் அடைந்ததும்” உங்களுக்கு ஒப்புவித்ததும் என்கிறார். அதாவது கடிதத்துக்கு முன்பே வாய்மொழியாகச் சபைகளில் சொல்லப்பட்டு வந்த அறிக்கை. தான் மனந்திரும்பி மூன்று வருடம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவிடம் 15 நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகவும் கலாத்தியர் கடிதத்தில் அவரே சொல்கிறார். சிலுவை மரணம் நடந்தது கி.பி. 30 அல்லது 33. ஆகவே இந்தச் செய்தி பல தலைமுறை கழித்து முளைத்த கட்டுக்கதை என்று சொல்ல வழியில்லை. கண்டவர்களின் வாயிலிருந்தே அது வருகிறது.

அந்தப் பட்டியலில் என்னை எப்போதும் நிறுத்துவது யாக்கோபின் பெயர். இயேசுவின் ஊழிய நாட்களில் அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 ஒளிக்காமல் சொல்கிறது. கூடப் பிறந்தவனைத் தேவன் அனுப்பினவர் என்று நம்புவது லேசான காரியமா? அந்த யாக்கோபு பிறகு எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்று கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவு செய்திருக்கிறார். இடையில் என்ன நடந்தது? பவுல் ஒரே வரியில் சொல்கிறார்: பின்பு யாக்கோபுக்குத் தரிசனமானார்.

முதலில் கல்லறைக்குப் போனது பெண்கள் என்பதை ஏன் பெரிதாகப் பேசுகிறார்கள்?

அந்தக் காலத்து யூத நீதிமன்றங்களில் பெண்களின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்று அதே யோசேப்பஸ் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸ், புத்தி பேதலித்த ஒரு பெண்ணின் பேச்சு என்று ஏளனம் செய்தான். கதை கட்டுகிறவன் ஊர் நம்பும் சாட்சியைத்தானே வைப்பான்? நான்கு சுவிசேஷங்களும் பெண்களையே முதலில் வைக்கின்றன. அப்போஸ்தலர்களுக்கே அவர்கள் பேச்சு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். அந்தப் பெண்களும் அதிசயத்தை எதிர்பார்த்துப் போகவில்லை. சடலத்துக்குப் பூச சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு, கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

நான்கு சுவிசேஷங்களும் விவரங்களில் மாறுகின்றனவே?

ஆம், மாறுகின்றன. மாற்குவில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இரண்டு பேர், லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும் சேர்கிறார்கள், யோவான் மரியாளை மட்டும் முன்னிறுத்துகிறார். தூதன் ஒருவரா இருவரா என்பதிலும் வித்தியாசம் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் மாற்கு, பெண்கள் பயந்து ஓடுகிற 8ஆம் வசனத்தோடு முடிகிறது.

இதைப் பிள்ளைகளிடம் மறைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. பிறகு வேறு எங்காவது கேட்டு அதிர்ச்சியடைவார்கள். ஓரங்களில் மாறும் நால்வர் நடுவில் ஒன்றுபடுகிறார்கள்: வாரத்தின் முதல் நாள், விடியற்காலம், கல் புரட்டப்பட்டிருந்தது, உடல் இல்லை, மகதலேனா மரியாள் அங்கே இருந்தார். ஒரே அச்சில் வார்த்த சாட்சியங்களாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

சீஷர்கள் உடலைத் திருடியிருக்கலாம், அல்லது அவர் மயக்கத்தில் இருந்திருக்கலாம் அல்லவா?

திருட்டுக் கதை மத்தேயுவிலேயே இருக்கிறது. காவலாளருக்குப் பணம் கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள் என்கிறார். உடல் இல்லை என்பதை எதிராளிகளும் ஒப்புக்கொண்டார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. பொய் என்று நம்பிக்கொண்டே ஒருவன் பொய்க்காகப் பணம் வாங்கலாம். அடியும் சிறையும் சாவும் வாங்கிக்கொள்வானா?

மயக்கக் கதைக்குப் பதில் சொன்னவர் உயிர்த்தெழுதலையே நம்பாத ஒருவர்: 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் டேவிட் ஸ்ட்ராஸ். கட்டுப்போட்டுக் கவனிக்க வேண்டிய நிலையில் கல்லறையிலிருந்து ஊர்ந்து வந்த ஒருவர், சாவை வென்ற கர்த்தர் என்ற எண்ணத்தைச் சீஷர்களிடம் உண்டாக்கியிருக்கவே முடியாது என்றார். அவர்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கும், ஆராதனை வந்திருக்காது.

அப்படியானால் வரலாற்றை வைத்தே நிரூபித்துவிடலாமா?

வரலாறு நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே போவது வேறு. யூத அறிஞர் பின்கஸ் லாப்பிடே, இயேசு உயிர்த்தெழுந்தது நடந்த சம்பவமே என்று ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கடைசிவரை யூதராகவே இருந்தார், இயேசுவை இஸ்ரவேலின் மேசியா என்று ஏற்கவில்லை. நடந்தது என்று ஒப்புக்கொள்வதும் “என் ஆண்டவர்” என்று சொல்வதும் ஒன்றில்லை. முதலாவதற்கு ஆதாரம் உதவும். இரண்டாவது ஒரு ஆளை நம்பி உயிரைக் கொடுக்கிற காரியம்.

ஆத்துமா அழியாது என்று நம்பினால் போதுமே? மறுபிறவியும் இதுவும் ஒன்றா?

மறுபிறவியில் ஆத்துமா ஒரு உடலை விட்டு வேறு உடலுக்குப் போகிறது. பழைய உடலும் பழைய பெயரும் முடிந்துபோகின்றன. ஆத்துமா மட்டும் பரலோகம் போகிறது என்பதிலும் உடல் முடிந்துபோகிறது. கிறிஸ்தவ நம்பிக்கை இந்த இரண்டும் இல்லை. விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் நாம் சொல்வது “சரீரம் உயிர்த்தெழுதலும்” என்று. பலர் யோசிக்காமலே சொல்லிவிட்டுப் போகிறோம்.

உடலைப் படைத்துவிட்டு நல்லது என்று சொன்ன தேவன், அதைக் குப்பையில் போடப் போவதில்லை. இயேசு எழுந்தபோது காயத் தழும்புகளும் கூடவே எழுந்தன. இது எனக்கு ஒரு காலத்தில் வெறும் வசனம்.

என் அம்மாவின் இடது மணிக்கட்டில் சூடான எண்ணெய் தெறித்து உண்டான ஒரு தழும்பு இருந்தது, நீளவாக்கில், பளபளப்பாக. சிறுவயதில் அதை விரலால் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக நான் பார்த்தது அந்த மணிக்கட்டைத்தான். போதகர் வாசித்தார்: “அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்.” முதல் பிடி மண் பெட்டிமேல் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று எனக்கு அம்மாவின் ஆத்துமா எங்கோ இருக்கிறது என்பது போதவில்லை. அந்தக் கை வேண்டும் என்று இருந்தது. உயிர்த்தெழுதல் அந்தக் கையைப் பற்றித்தான் பேசுகிறது.

எரிக்கப்பட்டவர்கள், கடலில் போனவர்கள்?

கி.பி. 177இல் லியோன் நகரத்தில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். உயிர்த்தெழும் நம்பிக்கையே இவர்களுக்கு இல்லாமல் போகட்டும் என்றே அப்படிச் செய்தார்கள். சபை அசரவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையா? கத்தோலிக்கத் திருச்சபையும் 1963 முதல் தகனத்துக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது.

உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அடக்கத்தில் அழலாமா?

தாராளமாக அழலாம். இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கல்லறை முன் “இயேசு கண்ணீர் விட்டார்”. பவுலும் தெசலோனிக்கேயரிடம் துக்கப்படாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றார். விசுவாசி அழக்கூடாது என்று துக்க வீட்டில் போய்ச் சொல்கிறவர்களைத் தயவுசெய்து யாராவது கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போங்கள். மரணம் கடைசிச் சத்துரு என்றுதான் வேதம் சொல்கிறது. சத்துருவைச் சிநேகிதன் என்று நாம் நடிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் மறுமைக்குத்தானே? இப்போது வாழும் வாழ்க்கைக்கு என்ன?

1 கொரிந்தியர் 15 எப்படி முடிகிறது என்று பாருங்கள். “மரணமே! உன் கூர் எங்கே?” என்ற உச்சத்துக்குப் போனபின், 58ஆம் வசனத்தில் பவுல் “ஆகையால்” என்று தொடங்கி வேலையைப் பற்றிப் பேசுகிறார்: கர்த்தருக்குள் நீங்கள் படும் பிரயாசம் விருதாவாய்ப் போகாது. 14ஆம் வசனத்தில் வந்த அதே “விருதா”. எழவில்லை என்றால் எல்லாம் விருதா. எழுந்தார், ஆகையால் எதுவும் விருதா இல்லை.

அதிகாரப் பிரிவை மறந்து அப்படியே அடுத்த வரிக்குப் போனால் தர்மப்பணம் வருகிறது. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக வாரத்தின் முதல் நாள்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்கிறார். கடைசி எக்காளத்திலிருந்து நேராகக் காணிக்கைக்கு! அவருக்கு இரண்டும் ஒரே விஷயம். எழுப்பப்படப் போகும் உடல்களுக்கு இப்போது பசிக்கிறது, ஆகவே இப்போது கொடுக்க வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் முதியவருக்கு ஊட்டிவிடுவதும் அழியப்போகும் ஒன்றுக்குச் செய்யும் வீண்வேலை இல்லை.

ஞாயிறு ஆராதனைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முதல் கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளைச் சனிக்கிழமை ஆசரித்து வளர்ந்த யூதர்கள். அவர்கள் வாரத்தின் முதல் நாளில் கூடத் தொடங்கியது அந்த விடியற்காலத்தினால்தான். ஏறக்குறைய கி.பி. 112இல் ரோம ஆளுநர் பிளினி பேரரசன் திராயானுக்கு எழுதும்போது, இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறான். ஈஸ்டர் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சின்ன ஈஸ்டர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் என்ன செய்வது?

சந்தேகம் உங்களை வெளியே தள்ளிவிடவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மத்தேயுவின் கடைசிக் காட்சியில், உயிர்த்தெழுந்தவரை நேரில் கண்டு பணிந்துகொண்டவர்களின் நடுவிலேயே “சிலரோ சந்தேகப்பட்டார்கள்”. அவர்களையும் சேர்த்துத்தான் இயேசு உலகமெங்கும் அனுப்புகிறார்.

தோமாவை நாம் ஒரே வார்த்தையில் சந்தேகக்காரராக்கிவிட்டோம். அவர் கேட்டது மற்ற பத்துப் பேருக்கும் ஏற்கெனவே கிடைத்ததைத்தான். அவர்கள் கண்டிருந்தார்கள், அவர் அன்றைக்கு அங்கே இல்லை. காணாமல் நம்ப மாட்டேன் என்றபின்னும் அவர் அந்தக் கூட்டத்தை விட்டுப் போகவில்லை, அவர்களும் அவரை விரட்டவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா அந்த அறையில்தான் இருந்தார். விரலை நீட்டிப் பார் என்று இயேசு சொன்னார். தோமா தொட்டார் என்று யோவான் எழுதவில்லை, “என் ஆண்டவரே! என் தேவனே!” என்றார் என்று மட்டும் எழுதுகிறார். சந்தேகத்தோடு இருந்தாலும் அந்த அறையிலேயே இருங்கள். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

மாற்கு 16இன் முதல் எட்டு வசனம். பிறகு லூக்கா 24, யோவான் 20, 21. அதன்பின் 1 கொரிந்தியர் 15ஐ ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள். அது ஒரு கடிதம், சபையில் உரக்க வாசிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது. வாசித்துவிட்டு 16ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்.